லாரி ஏர் சஸ்பென்ஷனில் காற்றுக் கசிவு: ஸ்பேர் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

காலையில் வண்டி எடுக்கப் போனால் பின்பக்கம் படுத்துக் கிடக்கும். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் விட்டால் தானாக எழுந்துவிடும். ஓட்டத்தில் எந்தத் தொந்தரவும் தெரியாது. அதனாலேயே பலர் இதை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். காலமெல்லாம் பட்டை வண்டி (இரும்புப் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி) ஓட்டிவிட்டு ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு வந்தவர்களுக்கு இதை எங்கிருந்து பிடிப்பது என்றே புரியாது.

என் வண்டியில் இது வந்தபோது ஒரு ஒர்க்‌ஷாப்பில் எந்தச் சோதனையும் செய்யாமல் இரண்டு பக்கப் பெல்லோவையும் (வண்டியைத் தாங்கும் ரப்பர் காற்றுப் பை) மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையிலும் வண்டி படுத்துத்தான் இருந்தது. கசிந்தது லெவலிங் வால்வு, அதாவது பெல்லோவுக்குக் காற்றை ஏற்றி இறக்கி வண்டியின் உயரத்தைச் சரியாக வைக்கும் வால்வு. கழற்றிய பெல்லோக்களில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துச் சோதித்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கசியும் இடத்தில் குமிழி கிளம்புவதை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை எந்த ஸ்பேருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

சின்னக் கசிவுதானே என்று விடவும் கூடாது. கசிகிற காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், சூடாகும், எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய், காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையரைக் கெடுத்து, அங்கிருந்து எல்லா வால்வுக்குள்ளும் போகும். பிரேக்குக்கும் இதே கம்ப்ரஸர்தான் காற்று கொடுக்கிறது.

1. அடியில் போகும் முன்

ஏர் சஸ்பென்ஷனில் நிற்கும் வண்டிக்கு அடியில் அப்படியே படுக்காதீர்கள். ஒரு பைப் கழன்றால் சேஸிஸ் கண் இமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். பெல்லோவை நம்பித் தலையை உள்ளே கொடுத்தவர்கள் உயிரை இழந்திருக்கிறார்கள்.

- சமதரையில் நிறுத்துங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். சில சோதனைகளில் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டியிருக்கும். அப்போது வண்டியைப் பிடிப்பது கட்டை மட்டும்தான்.
- சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கி மட்டும் போதாது.
- பிரஷர் உள்ள எந்த நட்டையும் தளர்த்தாதீர்கள். முதலில் டேங்கைத் திறந்து காற்றை விடுங்கள், பெல்லோவையும் காலி செய்யுங்கள், பிறகு ஸ்பேனரை எடுங்கள்.
- கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காற்றோடு மண்ணும் துருவும் முகத்தில் அடிக்கும்.
- சோதனையைச் சரக்கில்லாத வண்டியில் செய்யுங்கள். லோடு இறக்கிவிட்டு அடுத்த லோடுக்குக் காத்திருக்கும் நாள்தான் இதற்கு ஏற்றது.

2. காற்று போகும் பாதை

கம்ப்ரஸரிலிருந்து ஏர் டிரையர், அங்கிருந்து புரொடெக்‌ஷன் வால்வு, பிறகு டேங்குகள். இந்தப் புரொடெக்‌ஷன் வால்வு பிரேக்குக்கான காற்றைத் தனியாகக் காத்து வைக்கும். சஸ்பென்ஷனில் பெரிய ஓட்டை விழுந்தாலும் பிரேக் டேங்கு முழுக்கக் காலியாகாமல் ஒரு அளவில் மூடிக்கொள்ளும். சஸ்பென்ஷன் பக்கம் போகிற காற்று லெவலிங் வால்வுக்கு வரும். அந்த வால்வு சேஸிஸில் இருக்கும்; அதன் கை ஒரு லிங்க் ராடு மூலம் ஆக்சிலோடு சேர்ந்திருக்கும். வண்டி தாழ்ந்தால் கை மேலே போய்ப் பெல்லோவுக்குக் காற்று விடும். வண்டி உயர்ந்தால் கை கீழே இறங்கிக் காற்றை வெளியே தள்ளும். சரியான உயரத்தில் இரண்டும் நடக்காது.

உங்கள் வண்டியில் லெவலிங் வால்வு ஒன்றா, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டா என்று குனிந்து பார்த்து எழுதி வையுங்கள். ஒன்றுதான் என்றால் இடது, வலது பெல்லோக்கள் ஒரே காற்றில் இணைந்திருக்கும். ஒரு பக்கம் கசிந்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கும். இரண்டு வால்வு இருந்தால் கசிகிற பக்கம் மட்டும் சாயும். வண்டி இந்தப் பக்கம் சாய்கிறது, அதனால் இந்தப் பக்கப் பெல்லோதான் போயிருக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் வால்வு எத்தனை என்று கேளுங்கள்.

ஏர் சர்க்யூட் படத்தை டீலர் சர்வீஸ் சென்டரில் கேட்டால் சேஸிஸ் எண்ணை வைத்து எடுத்துக் காட்டுவார்கள். போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. மாலையில் அளந்து, காலையில் அளந்து பாருங்கள்

ஒரு டேப்பும் சாக்பீஸும் போதும். வண்டி ஓடி வந்த மாலையில், டேங்கு முழுப் பிரஷரில் இருக்கும்போது இன்ஜினை நிறுத்துங்கள். ஒவ்வொரு பெல்லோவின் அருகிலும் சேஸிஸின் அடிப்பக்கத்திலிருந்து ஆக்சிலின் மேல்பக்கம் வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்து குழப்பும். டேஷ்போர்டு கேஜ் இரண்டும் காட்டுவதையும் எழுதுங்கள். அளந்த இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். காலையில் அதே இடத்தில் அளக்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்பே மறுபடி அளங்கள். இரவுக் குளிரில் காற்று சுருங்கிச் சில மி.மீ. இறங்குவது சாதாரணம். ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் (பெல்லோ காலியானால் வண்டி வந்து உட்காரும் ரப்பர் கட்டை) போய் உட்கார்ந்திருந்தால் கசிவு நிச்சயம்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். கேஜ் நன்றாக இறங்கி வண்டி கொஞ்சம்தான் தாழ்ந்திருந்தாலும் பெல்லோ நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெல்லோவில் சிறு கசிவு இருந்தால், வண்டி தாழத் தாழ லெவலிங் வால்வு டேங்கிலிருந்து காற்றை எடுத்து ஊட்டிக்கொண்டே இருக்கும். டேங்கு இறங்கும், உயரம் நிற்கும். டேங்கில் எடுக்கக் காற்று இல்லாதபோதுதான் வண்டி படுக்கும். அதனால் இந்த அளவுகள் கசிவு எவ்வளவு என்று சொல்லும்; எங்கே என்று சொல்ல அடுத்த படி வேண்டும்.

4. பிரேக் பக்கமா, சஸ்பென்ஷன் பக்கமா

இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனாலும் பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக ஸ்பேர் கடைக்குப் போகிறார்கள்.

பிரஷர் கட்‌அவுட் ஆகும் வரை, அதாவது டிரையர் ‘புஸ்’ என்று விடும் வரை இன்ஜினை ஓட்டுங்கள். பழைய வண்டிகளில் அது 8 பார் பக்கத்தில் இருக்கும், புதிய வண்டிகளில் 10 வரை போகும். சரியான எண் உங்கள் மேனுவலில் இருக்கும். கேஜ் கிலோவில் (சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ) காட்டினாலும் கவலை வேண்டாம்; பாரும் கிலோவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்ஜினை நிறுத்திக் கட்டையைச் சரிபார்த்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

முதலில் பெடலைத் தொடாமல் கேஜைப் பாருங்கள். அமெரிக்காவில் கனரக வாகன ஓட்டுநர் தேர்வில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒற்றை வண்டி ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ., டிரெய்லர் கோத்த வண்டி 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை மிதித்துப் பிடித்தால் முறையே 3, 4. கையில் வைத்துக்கொள்ள நல்ல அளவுகோல் இது. 2 பி.எஸ்.ஐ. என்பது 0.14 பார். சிறிய கேஜில் ஒரு நிமிடத்தில் முள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தாலே கசிவு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெடலை மிதித்தால் மட்டும் வேகமாக இறங்கினால் பிரேக் சேம்பர், டயாஃப்ரம், பிரேக் வால்வு பக்கம் பாருங்கள். அது சஸ்பென்ஷன் வேலை இல்லை. அன்றே பிரேக் மெக்கானிக்கிடம் போக வேண்டிய வேலை.

பெடலைத் தொடாமலேயே மெல்ல இறங்கி, 5, 6 பார் பக்கம் வந்ததும் பிரேக் கேஜ் நின்றுவிட்டால், புரொடெக்‌ஷன் வால்வு மூடிக்கொண்டது என்று பொருள். கசிவு பிரேக் அல்லாத துணைச் சர்க்யூட்டில், பெரும்பாலும் சஸ்பென்ஷனில் இருக்கிறது. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் பிரேக் சர்க்யூட்டையும் டேங்குகளையும் சேர்த்துப் பாருங்கள்.

டிரையரின் அடியிலிருந்து நிற்காமல் காற்று வந்துகொண்டிருந்தால் அது டிரையரின் பர்ஜ் வால்வோ (ஈரத்தை வெளியே தள்ளும் வால்வு) கவர்னரோதான் (பிரஷர் அளவைக் கட்டுப்படுத்துவது). பின்னால் போய்ப் பெல்லோவில் தேட வேண்டியதில்லை.

5. முதலில் காது, பிறகு சோப்பு நீர்

பட்டறை சத்தத்தில் சின்னக் கசிவு கேட்காது. ஊர் அடங்கிய பிறகோ விடியற்காலையிலோ, இன்ஜினை நிறுத்திவிட்டுச் சுற்றி வாருங்கள். ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் ஹோஸ் துண்டு எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபிட்டிங் அருகிலும் கொண்டுபோனால் ‘உஸ்ஸ்’ என்பது தெளிவாகக் கேட்கும். காதை நேராகப் பெல்லோவின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

சோப்பு நீருக்கு அரை லிட்டர் தண்ணீரில் ஒரு ஷாம்பு பாக்கெட் போதும். ஸ்பிரே பாட்டில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பழைய பெயின்ட் பிரஷ். துணி துவைக்கும் காரப் பொடி வேண்டாம், பித்தளை ஃபிட்டிங்கை அரிக்கும். டீசலும் மண்ணெண்ணெயும் ரப்பருக்கு விஷம், கழுவக்கூட எடுக்காதீர்கள். சோதிக்கும் இடத்தை முதலில் தண்ணீர் அடித்து மண்ணைப் போக்குங்கள். சேறு அப்பிய ஃபிட்டிங்கில் குமிழி வெளியே தெரியாமல் சேற்றுக்குள்ளேயே போய்விடும்.

தடவிவிட்டு உடனே அடுத்த இடத்துக்கு ஓடாதீர்கள். பெரிய கசிவு நீரையே ஊதித் தள்ளிவிடும். அங்கே குமிழியே நிற்காது. நடுத்தரக் கசிவு பெரிய குமிழியாக வரும். சிறு கசிவுதான் ஏமாற்றும்: முதலில் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் பொறுத்தால் ஃபிட்டிங்கின் கழுத்தைச் சுற்றி வெள்ளை நுரை முத்து முத்தாகக் கட்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

தேடும் வரிசை இது. அதிகம் கசியும் இடத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

முதலில் நைலான் ட்யூபும் புஷ் ஃபிட்டிங்கும் (ட்யூபைத் தள்ளிச் செருகும் இணைப்பு). ட்யூப் சேஸிஸ் துளை வழியாகப் போகும் இடம், டை கட்டிய இடம், சைலன்ஸருக்குப் பக்கத்தில் போகும் இடம், இரண்டு ட்யூப் ஒன்றோடொன்று உரசும் இடம். உரசிய இடம் முதலில் பளபளக்கும், பிறகு தட்டையாகும், கடைசியில் ஊசித்துளை விழும். அடுத்து லெவலிங் வால்வும் அதன் எக்ஸாஸ்ட் வாயும். பிறகு லிஃப்ட் ஆக்சில் (சுமை இல்லாதபோது தூக்கி வைக்கும் ஆக்சில்) வால்வு, சஸ்பென்ஷன் டேங்கின் டிரெயின் வால்வு. கடைசியாகத்தான் பெல்லோ.

வால்வுகளின் எக்ஸாஸ்ட் வாயில் ஒரு அங்குலக் குமிழி உருவாக 5 விநாடிக்கு மேல் ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். ட்யூப் இணைப்பிலும் பெல்லோவிலும் ஒரு குமிழிகூடக் கூடாது.

ட்யூபை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஹேக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள்; முனை பிசிறு தட்டி உள்ளே இருக்கும் ஓ-ரிங்கை வெட்டிவிடும். ட்யூப் கட்டரால் நேராக வெட்டி, உள்ளே போக வேண்டிய ஆழத்தை மார்க்கரால் குறித்து, அந்தக் கோடு மறையும் வரை தள்ளுங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள். பழைய முனையையே மறுபடி செருகுவதாக இருந்தால், ஃபிட்டிங்கின் பல் பதிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனையைச் செருகுங்கள். திருகு இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றினால் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். டேப்பின் நுனி ஒன்று உள்ளே போய் லெவலிங் வால்வின் சீட்டில் மாட்டினால் புது வால்வும் கசியும்.

காற்றை நிறுத்திப் பார்க்கிறேன் என்று நைலான் ட்யூபை மடித்துப் பிடிப்பவர்களை நிறையப் பார்க்கலாம். உங்கள் வண்டியில் அதற்கு விடாதீர்கள். மடித்த இடத்தில் விழும் கோடு பிறகு விரிசலாகும்.

6. லெவலிங் வால்வு

எக்ஸாஸ்ட் வாயிலிருந்து காற்று வருகிறது என்பதற்காக மட்டும் வால்வை மாற்றாதீர்கள். லிங்க் ராடின் முனையில் உள்ள ரப்பர் புஷ் (bush) தேய்ந்தாலும், ராடு வளைந்தாலும் வால்வின் கை தவறான இடத்தில் நிற்கும். அப்போது நல்ல வால்வும் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் புஷ்ஷின் விலை வால்வின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சேஸிஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, டேங்கில் காற்று இருக்க, லிங்க் ராடை வால்வின் கையிலிருந்து கழற்றுங்கள். கையை மேலே தூக்குங்கள்: பெல்லோ நிறைய வேண்டும். நடுவில் கொண்டுவாருங்கள்: முழு அமைதி வேண்டும். கீழே இறக்குங்கள்: எக்ஸாஸ்டில் காற்று வெளியேற வேண்டும். சில மாடல்களில் ஒவ்வொரு முறையும் சில விநாடி தாமதம் இருக்கும். ரோட்டின் சின்னக் குழிக்கெல்லாம் காற்றை வீணாக்காமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

கை நடுவில் இருக்கும்போதும் எக்ஸாஸ்டில் காற்று நிற்காமல் வந்தால் வால்வின் உள் சீட் போய்விட்டது. உறுதிப்படுத்த, காற்றை முழுக்க விட்டுவிட்டு, பெல்லோவுக்குப் போகும் ட்யூபைக் கழற்றி வால்வின் அந்த வாயை ஒரு பிளக்கால் அடைத்து, மறுபடி காற்று ஏற்றிப் பாருங்கள். கசிவு தொடர்ந்தால் வால்வு. நின்றுவிட்டால் பெல்லோவிலிருந்து திரும்பி வரும் காற்றையும் வால்வு விடுகிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும்: பிளக்கை எடுத்து ட்யூபை மாட்டி, பெல்லோவை நிரப்பி, டேங்குக் காற்றை மட்டும் விட்டுவிட்டு எக்ஸாஸ்டில் சோப்பு நீர் தடவுங்கள்.

கழற்றிய வால்வின் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து வந்திருக்கிறது. டிரையர் காட்ரிட்ஜை மாற்றாமல் புது வால்வைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். இந்த ஒன்றை மட்டும் மறக்கவே வேண்டாம்.

லிங்க் ராடின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து வண்டியைத் தூக்கித் தருகிறேன் என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உயரம் மாறினால் புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறும், யுனிவர்சல் ஜாயின்ட் அதிரும், தேயும். மேனுவலில் உள்ள உயரத்துக்கே வையுங்கள்.

எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் இந்த லெவலிங் வால்வு இருக்காது. உயர சென்சாரும் சோலனாய்டு பிளாக்கும் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வுகளின் தொகுப்பு) இருக்கும். ட்யூபையும் பெல்லோவையும் நீங்களே சோப்பு நீரில் பார்க்கலாம். பிளாக்கின் எக்ஸாஸ்டில் கசிந்தால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள்.

7. லிஃப்ட் ஆக்சில் உள்ள வண்டி

பின் ஆக்சில்கள் பட்டையில் இருந்தாலும் லிஃப்ட் ஆக்சில் மட்டும் காற்றில் இயங்கும் வண்டிகள் நம் ரோடுகளில் ஏராளம். இங்கே கசிவு தேடுவது உண்மையில் சுலபம்.

பெரும்பாலானவற்றில் இரண்டு வகைப் பெல்லோ இருக்கும். ஆக்சிலைத் தூக்குவதற்கு ஒன்று, கீழே அழுத்திச் சுமையைத் தாங்குவதற்கு வேறு. ஒன்று நிறையும்போது மற்றது காலியாகும். ஆகவே ஆக்சிலைத் தூக்கி வைத்து ஒருமுறை, இறக்கி வைத்து ஒருமுறை கேஜைப் பாருங்கள். தூக்கியபோது மட்டும் காற்று இறங்கினால் தூக்கும் பெல்லோவும் அதன் ட்யூபும். இறக்கியபோது மட்டும் என்றால் சுமைப் பெல்லோ பக்கம். இரண்டு நிலையிலும் இறங்கினால் இரண்டுக்கும் பொதுவான கன்ட்ரோல் வால்வு, சோலனாய்டு, அல்லது அவற்றுக்கு வரும் ட்யூப். இரவில் தூக்கி நிறுத்திய ஆக்சில் காலையில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் தூக்கும் பக்கத்தைச் சந்தேகப்படுங்கள்.

சுமைப் பெல்லோவின் பிரஷரைக் குறைத்து வைக்கும் ரெகுலேட்டரை யாராவது திருகியிருந்தால் ஆக்சில் தன் பங்குச் சுமையை எடுக்காது, கசிவு மாதிரியே தோன்றும். மேனுவல் அளவோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

8. பெல்லோவைப் பார்க்கும் முறை

மேல்தோலில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வெயிலில் கிடந்த ரப்பருக்கு அது வரும். வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் காற்று கசியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். மடிப்பின் உட்பக்கம், மேல் தகட்டோடு ரப்பர் சேரும் விளிம்பு, அடியில் பிஸ்டனைச் (பெல்லோ உட்கார்ந்திருக்கும் அடிப்பாகம்) சுற்றியுள்ள பள்ளம் ஆகிய மூன்று இடத்தையும் சோப்பு நீரில் பாருங்கள். முழு உயரத்தில் ஒருமுறை, கொஞ்சம் தாழ்த்தி ஒருமுறை. ஒரு நிலையில் மூடிக்கொள்ளும் வெடிப்பு மறு நிலையில் திறக்கும். கல்குவாரி, செங்கல் சூளைப் பக்கம் ஓடும் வண்டிகளில் பிஸ்டன் பள்ளத்தில் கல் உட்கார்ந்து ரப்பரை அரைக்கும். வாட்டர் சர்வீஸில் அந்த இடத்தை அடிக்கச் சொல்லுங்கள்.

பெல்லோ கிழிந்திருந்தால் ஏன் கிழிந்தது என்று கேட்காமல் புதிதை மாட்டக் கூடாது. ஷாக் அப்சார்பர் கழன்றிருந்தால் ஆக்சில் அளவுக்கு மீறித் தொங்கிப் பெல்லோவை இழுத்துக் கிழிக்கும். யு-போல்ட் தளர்ந்தாலோ ஆர்ம் புஷ் தேய்ந்தாலோ ஆக்சில் நகர்ந்து பெல்லோ கோணலாக நிற்கும். காற்று நிறைந்த நிலையில் பெல்லோவைச் சுற்றி எதனோடும் குறைந்தது ஒரு அங்குல இடைவெளி இருக்க வேண்டும்.

பஞ்சர் ஒட்டுவது போலப் பெல்லோவை ஒட்டித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். புதுப் பெல்லோவை மாட்டாமல் வெளியில் வைத்துக் காற்றடித்துப் பார்ப்பதும் கூடாது, வெடிக்கும். மாட்டிய பிறகு, வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே மெதுவாகக் காற்று ஏற்றி, மடிப்பு சீராக விரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு ஸ்டாண்டை எடுங்கள்.

9. செலவும் நேரமும்

ட்யூபும் ஃபிட்டிங்கும் சில நூறு ரூபாயோடு முடியும், வேலை அரை மணி நேரம். லெவலிங் வால்வு சில ஆயிரம், மாற்ற ஒரு மணி நேரம். பெல்லோ மாடலையும் பிராண்டையும் பொறுத்து மிகவும் மாறும்; ஒன்றுக்கே பல ஆயிரம் ஆகும், துருப்பிடித்த போல்ட் இருந்தால் ஒரு பக்கத்துக்கே பாதி நாள் ஓடிவிடும். விலையை டீலரிடமும் குறைந்தது இரண்டு ஸ்பேர் கடையிலும் கேளுங்கள்.

கசிவு தேடுவதற்கான கூலியைத் தனியாகப் பேசுங்கள். தேடுவதற்குக் கூலி இல்லை என்று சொல்லும் இடத்தில் அந்தப் பணம் தேவையில்லாத ஸ்பேரில் ஏறி வரும். சோதனைக்கு ஒரு இரவும் மறுநாள் காலையும் ஒதுக்கினால் ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிற்கும் நேரம் பாதியாகும். ஸ்பேர் கையில் வந்த பிறகு வண்டியைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிப் போட்டுவிட்டு ஸ்பேருக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை போகும், இ.எம்.ஐ. மட்டும் நிற்காது.

10. காகிதங்கள்

ஸ்பேர் வாங்கப் போகும்போது ஆர்.சி. நகலும், சேஸிஸ் எண்ணும், பழைய பாகத்தின் எண் தெரியும் போட்டோவும் எடுத்துச் செல்லுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் லெவலிங் வால்வுகளில் கை திரும்பும் திசையும் தாமதமும் வேறாக இருக்கும். பெல்லோவில் உற்பத்தித் தேதி அச்சாகியிருக்கும். கடையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ரப்பரை வாங்காதீர்கள்.

அட்டைப்பெட்டியில் பெயர் மாறியிருப்பதைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். வாப்கோ இந்தியா 2022-ல் இசட்.எஃப். கமர்ஷியல் வெஹிக்கிள் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய இருப்பில் பழைய பெயர் இருக்கலாம். பெயரைவிடப் பாக எண் பொருந்துகிறதா என்பதைப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு வரி 18 சதவீதம். பழைய 28 போட்ட பில் வந்தால் கேளுங்கள். பில்லில் பாக எண் எழுதியிருக்க வேண்டும். வாரண்டி கேட்கும்போது பில்லோடு பழைய பாகத்தையும் கேட்பார்கள், ஆகவே கழற்றியதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வராதீர்கள். ஜாப் கார்டில் ‘பெல்லோ மாற்றப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த இடத்தில் கசிவு இருந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தேய்மானத்தால் வரும் கோளாறுக்கு வழக்கமான இன்சூரன்ஸ் பணம் தராது.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதியையும் பார்த்துத் திட்டமிடுங்கள். 8 வயது வரையுள்ள லாரிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். எஃப்.சி.க்கு முந்தைய வாரத்தில் கசிவைத் தேடத் தொடங்கினால் கிடைக்கிற ஸ்பேரைக் கிடைக்கிற விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். ஒரு மாதம் முன்பே மூன்றாம், நான்காம் படிகளைச் செய்துவிடுங்கள்.

11. வேலை முடிந்ததும்

ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பும் முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நான்காம் படிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தொட்ட எல்லா இணைப்பிலும் சோப்பு நீர் தடவுங்கள். அன்று இரவே மறுபடி உயரம் அளந்து காலையில் ஒப்பிடுங்கள். ஒரே வண்டியில் இரண்டு இடத்தில் கசிவது சகஜம். பெரியதை அடைத்த பிறகுதான் சிறியது வெளியே தெரியும். முதல் வேலை சரியில்லை என்று சண்டைக்குப் போகும் முன் இதை நினைவில் வையுங்கள்.

சில ட்ரிப் ஓடிய பிறகு பெல்லோ போல்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். டேங்கில் தண்ணீர் விடுவதைத் தினசரி வேலையாக வையுங்கள்.

12. வழியில் நடந்தால்

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: உங்கள் ட்யூப் அளவுக்கு ஏற்ற புஷ் யூனியன்களும் பிளக்குகளும் (பெரும்பாலும் 8, 10, 12 மி.மீ.), இரண்டு மீட்டர் ட்யூப், ட்யூப் கட்டர், டார்ச், ஷாம்பு பாக்கெட், நல்ல கட்டைகள்.

ட்யூப் வெடித்தால் சேதமான துண்டை வெட்டி எடுத்துவிட்டு யூனியன் போட்டு ஓடலாம். ஊருக்கு வந்ததும் முழு ட்யூபாக மாற்றிவிடுங்கள். தூக்கும் பெல்லோ போனால் ஆக்சிலைக் கீழே வைத்தே ஓட்டலாம், டயர் கொஞ்சம் தேயும், அவ்வளவுதான். சுமைப் பெல்லோ போனால் கதை வேறு. லோடோடு ஆக்சிலைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மற்ற ஆக்சில்களின் மேல் சட்டப்படியும் தாங்கும் அளவுப்படியும் சுமை மீறும். சரக்கை மாற்றிவிடுவதே வழி.

டிரைவ் ஆக்சில் பெல்லோ வெடித்தால் அதன் ட்யூபைப் பிளக் போட்டு அடைத்துப் பிரேக்குக்கான காற்றைக் காப்பாற்றுங்கள். பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்த வண்டியை மிக மெதுவாக அருகில் உள்ள ஒர்க்‌ஷாப் வரை மட்டும் கொண்டுபோகலாம். டயர் சேஸிஸிலோ மட்கார்டிலோ உரசினால் அதுவும் கூடாது. காற்று குறைவு என்று பஸ்ஸர் அடித்தால் எங்கே இருந்தாலும் ஓரங்கட்டி நிறுத்துங்கள், கட்டை போடுங்கள். சரக்குப் பார்ட்டி அவசரப்படுத்தினாலும், பிரஷர் ஏறி பஸ்ஸர் நின்று, பெடலை மிதித்தும் கேஜ் நிலையாக நிற்பதைப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.